அரை அடி குறைத்து எழுதியவர்

சேலையூரில் மூன்று மாடி வீடு நான் கட்டியது. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் கல்யாண மண்டபம் நான் கட்டியது. ஹாலோபிளாக் போடும் பட்டறை, நாலு தண்ணீர் லாரி, ஒரு ஜேசிபி, எல்லாம் நான் உண்டாக்கியது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை உட்கார்ந்தேன். அந்த ஐந்தாவதையும் முடிக்கவில்லை. மண் சுமந்தேன், பிறகு கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன். கடன் கேட்டுப் போன இடத்தில், கையெழுத்துப் போட வருமா, கைநாட்டா என்று கேட்டார்கள். அந்த பேங்க் இன்றைக்கு என் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது. தூக்கிவிட ஒரு கை வந்ததில்லை. இழுத்துவிட வந்த கைகளை எண்ணினால் இந்த மலரில் இடம் போதாது.

பெரிய ஏரியின் மதகுக்கு இறங்கும் ஏழு படிகளும் நான் கட்டியவைதான். இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஏரியைத் தூர்வாரி முடித்ததற்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் மலர் போடுகிறது. நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் வளர்ந்த கதையை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அது இன்னொரு நாளைக்கு. இது மதகுக்காரரைப் பற்றி. எழுத்துப் பிழை பார்த்தது என் மருமகள். விஷயம் முழுக்க என்னுடையது. மதகுக்காரர் பேரைப் போடவேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை.

ஏரி மதகைத் திறந்து மூடி, தினமும் தண்ணீர் எத்தனை அடி என்று அளந்து எழுதுகிற இலாகா ஆளுக்கு லஸ்கர் என்று பேர். அவர் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் ஏரியின் லஸ்கர். ஒல்லி. காக்கி சட்டையின் கை முழங்கை வரை மடித்திருக்கும். சைக்கிளில் சவுக்குக் கொம்பு ஒன்றைக் கட்டியிருப்பார். அதில் அடிக்கு ஒரு வெட்டு, கால் அடிக்கு ஒரு ஆணி. ஏரியில் அளவுகல் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளத்தில் சாய்ந்தது, பிறகு யாரும் நிமிர்த்தவில்லை. அதன் பிறகு ஏரியின் ஆழம் என்றால் அந்தக் கொம்பு சொல்வதுதான்.

எதையும் முழுசாகக் காட்டமாட்டார். அதுதான் அவர். டீக்கடையில் டீ வாங்கினால் முக்கால் கிளாஸ் குடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டு போட்டு மூடி வைப்பார், பத்து நிமிஷம் கழித்துக் குடிக்க. "வூட்ல அரிசி கீதா அண்ணா?" என்று யாராவது பேச்சுக்குக் கேட்டாலும் "இன்னா கீது, ஒண்ணும் இல்ல" என்பார். உள்ளே ஒரு மூட்டை இருக்கும். உடம்பு எப்படி என்று கேட்டால் பாதிதான் சொல்வார். கஞ்சத்தனம் இல்லை. கேட்டவனுக்குக் கொடுப்பார். ஆனால் கேட்கும்வரை இருப்பதைக் காட்டமாட்டார்.

"கண்ணுல பட்ட தண்ணிக்கு ஆள் வந்துடும் மேஸ்திரி" என்பார். நான் மண்டபம் கட்டி முதலாளி ஆன பிறகும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது பிடிக்காது. சொல்லியும் பார்த்தேன். கேட்கவில்லை.

அவர் மகள் கல்யாணம் என் மண்டபத்தில் நடந்தது. இரண்டாம் பந்தி முடிந்ததும் சமையல்காரர் வந்து சாதம் தீர்ந்தது என்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது. ஒரு பெரியம்மா சத்தமாகவே, "பொண்ணு குடுக்க வந்தாங்களா, பட்டினி போட வந்தாங்களா?" என்றார். மதகுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அவமானத்தை வாங்கிக்கொண்டு. பாதிப் பேர் எழுந்து போன பிறகு சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், மாப்பிள்ளை வேலை செய்யும் கம்பெனி ஆட்கள், வழியில் டயர் வெடித்துத் தாமதமானவர்கள். இவர் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். மூன்று குண்டான் சாதம், சாம்பாரோடு, வாழை இலை போட்டு மூடி வைத்திருந்தார். சமையல்காரருக்கே தெரியாது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இப்போ வந்தாங்க பாரு, இவங்களுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம்.

மதகுப் படிகள் பெயர்ந்துபோனதால் புதிதாகக் கட்டும் வேலை எனக்கு வந்தது. படிக்கு ஒன்பது அங்குலம், ஏழு படி. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். கடைசிப் படி ஏரித் தரையிலிருந்து சரியாக நாலடி உயரத்தில் உட்காரும். அதற்குக் கீழே படி கிடையாது, சுவர்தான். ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்க்கிறேன்: தண்ணீர் கீழேயிருந்து ஐந்தாவது படியை நக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்தாவது படி என்றால் ஏழடி. கட்டினவனுக்குத் தெரியாதா? அவர் நோட்டில் ஆறரை என்று எழுதுகிறார்.

"அண்ணா, ஏழடி கீது. நீ ஆறரைன்னு எழுதிக்கினு கீற."

"உனுக்கு யாரு சொன்னது?"

"என் படி சொல்லுது."

நோட்டை மூடினார். கரையில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏழுன்னு எழுதினா ஏழுக்கும் திட்டம் போட்டுடுவாங்க. இந்த அரை அடி யாருக்கும் தெரியாம கெடக்கட்டும். ஒரு நாள் வேணும்."

"யாருக்கு?"

"கேக்கறவனுக்கு. சொல்லிடாத மேஸ்திரி."

சொல்லமாட்டேன் என்றேன். சொன்ன வார்த்தையை மூன்று வருஷம் காப்பாற்றினேன்.

பிறகு அந்த வறட்சி. ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகை வந்தது, வரவில்லை. தை முடிவதற்குள் போர்வெல்களில் காற்று வந்தது. சித்திரையில் பெரிய ஏரி ஒன்றுதான் மிச்சம். மதகைத் திறந்தால் தண்ணீர் கரைக்கு அடியில் இருக்கும் பழைய செங்கல் சுரங்கம் வழியாகப் போய், அந்தப் பக்கம் இருக்கிற கிணற்றில் விழும். அங்கிருந்து பம்ப் வைத்து ஏற்றி, எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதுதான். குழாய் போகாத தெருக்களுக்கு என் லாரிகள் அந்தக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டு போகும். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறப்பது. ஆடியில் ஒரு மழையாவது வரும்வரை இப்படியே ஓட்டவேண்டும். ஏரியில் இருப்பதைத் தவிர வேறு சொட்டு கிடையாது.

கடைசிப் படியும் வெளியே வந்தது. அதற்குப் பிறகு நான் அளக்க ஒன்றும் இல்லை.

ஏரிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் எழுந்தது. முதல் நாள் கைப்பிடி. ஒரு வாரத்தில் சீட்டு. யார் எப்போது தள்ளினார்கள் என்று தெரியாது. தினமும் காலையில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வருவது போல இருக்கும். மத்தியான வெயிலில் காய்ந்த தரை பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் கரைமேல் நிற்பவனுக்குக் கேட்கும். கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கின. தின்ன வந்த கொக்குகள் ஒரு நாள் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டன. மதகுக்காரர் ஏரியைப் பார்க்காமல், எதிரே நிற்கிற மாடி வீடுகளையும் அவற்றின் மேல் இருக்கும் கறுப்புத் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் சமயம் நோட்டில் ஒரு விஷயம் நடந்தது. 'மூன்றடி' என்று எழுதினார். மறுநாளும் மூன்றடி. ஒன்பது நாள் தொடர்ந்து மூன்றடி. தினமும் மதகைத் திறக்கிறார்கள், தண்ணீர் போகிறது, ஆனால் எழுத்தில் குறையவில்லை. அவர் ஒளித்து வைத்த அரை அடியைத்தான் அந்த ஒன்பது நாளும் ஊருக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் முதல் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. இரண்டே முக்கால். இரண்டரை. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு, இன்னும் ஒளிக்கிறார் என்று. என் லாரிகள் கிணற்றடியில் அரை நாள் வரிசையில் நின்றன. டிரைவர்கள் என்னைத் திட்டினார்கள், தெருவில் பெண்கள் டிரைவர்களைத் திட்டினார்கள். புதிதாக வந்திருந்த இன்ஜினீயர் சின்ன வயசு, நல்ல பையன். ஜனங்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டார். "சார், உட்காருங்க. நீங்க இந்த ஏரியோட பழகினவர். லஸ்கர் ரீடிங் எனக்கு ஒத்தே வரல. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

பட்டப்படிப்புப் படித்த மனுஷன், மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, ஐந்தாவது தாண்டாத என்னிடம் கேட்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அதான் சார் அந்தாளு வேலை. எப்பவும் அரை அடி கொறைச்சு எழுதுவாரு. என் படியை வெச்சு நானே கண்டுபுடிச்சேன். ஒம்போது நாளா மூணடி நின்னுகினு கீதே, அப்பவே தெரியல? மாட்டிக்கினாரு!"

இன்ஜினீயர் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார். யாருமே இதைச் சொல்லல" என்றார். படியிறங்கி வரும்போது பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

மதகுக்காரருக்கு ஒரு விதி உண்டு. தண்ணீர் இரண்டடிக்கு வந்துவிட்டால் மதகைத் திருகும் கைப்பிடியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக்கூடாது. அதிகம் திறந்தால் இழுப்பு வேகமாகி அடியில் கிடக்கும் சேற்றைக் கிளப்பும். அவர் போனில் இரண்டடி என்று சொன்ன நாள், இன்ஜினீயர் அதோடு அரை அடியைக் கூட்டிக்கொண்டார். இரண்டரை அடி இருக்கிறது, ஆறு சுற்றுத் திறக்கலாம், ரோட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு இரண்டு நாள் நிறையக் கொடுக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு அனுப்பினார்.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. நான் லாரிகளோடு அங்கேதான் இருந்தேன். மதகுக்காரர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். போன் போட்டார்.

"சார், ரெண்டடிதான் சார் கீது."

"உங்க ரெண்டடி எனக்குத் தெரியும். ஆர்டர்ல இருக்கிற மாதிரி செய்யுங்க" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. எனக்கே கேட்டது.

அவர் கரைமேல் ஏறி என்னிடம் வந்தார். கொம்பை நீட்டினார். ஈரம் இரண்டாவது வெட்டில் நின்றது.

"பாரு மேஸ்திரி. இது நெசமான ரெண்டு. அந்த அரை அடிய எப்பவோ குடிச்சாச்சு. நீ ஒரு வார்த்த சொல்லு, கேப்பாரு."

"கொம்பும் உன்னுது, வெட்டும் உன்னுது. எத்தினி நாளைக்கு அண்ணா இதே பாட்டு? அரை அடி அங்க கீதுன்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். இப்போ அவருக்கும் தெரியும். தொற."

டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. ஒரு கதவு மூடுகிற மாதிரி இருந்தது. யார் சொன்னது என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி இறங்கினார், என் ஏழு படிகளிலும்.

ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினார். ஆறில் நிறுத்தினார். கிணற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்து விழுந்தது. டிரைவர்கள் விசிலடித்தார்கள். நான் இன்ஜினீயருக்குப் போன் போட்டு, "சார், வந்துகினு கீது, பாருங்க" என்று போனைக் கிணற்றுப் பக்கம் நீட்டி அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

கால் மணி நேரத்தில் தண்ணீர் டீ நிறமானது. அப்புறம் கறுத்தது. பிறகு சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம், தொண்டையில் சோறு சிக்கினவன் இழுக்கிற மாதிரி. அவர் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினார். மூன்று சுற்றில் நின்றுவிட்டது. உடம்பு முழுவதும் போட்டுத் தொங்கினார். நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு கிழவர்கள் ஒரு இரும்போடு மல்லுக்கட்டினோம். அசையவில்லை. ஏரியின் அடிச்சேறு அத்தனையும் சுரங்கத்துக்குள் போய் இறுகி உட்கார்ந்தது. கிணற்றில் பம்ப் ஒரு தடவை அலறிவிட்டு அடங்கியது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஏரியில் தண்ணீர் இன்னும் இருந்தது. ஒன்றே முக்கால் அடி, வெயிலில் பளபளத்துக்கொண்டு. ஆனால் வெளியே வர வழி இல்லை. பம்ப் இறக்கலாம் என்றால் சுற்றிலும் இடுப்பளவு சேறு. கிணற்றில் கலங்கி நின்றதைக் குடத்தால் மொண்டவர்களின் வீடுகளில் குழந்தைகளுக்கு வாந்திபேதி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டார்கள். மூன்று வாரம், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தண்ணீர் காய்ந்தது. ஸ்கூட்டர் இரண்டு சக்கரமும் தெரிய வெட்டவெளியில் நின்றது.

மதகுக்காரர் வருஷக்கணக்கில் பொய் எழுதினார் என்ற பேச்சு எங்கும் பரவியது. யார் வாயிலிருந்து கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டுக் கதவில் சேறு அடித்திருந்தார்கள். தெருமுனையில் ஒரு பெண் காலிக் குடத்தை அவர் சைக்கிளுக்கு முன்னால் உருட்டிவிட்டாள். "இன்னா பெர்சு, எங்க தண்ணிய எங்க ஒளிச்சு வெச்ச? உன் வூட்டுக் கட்டிலுக்குக் கீழயா?" குனிந்து குடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணை பம்ப் ஹவுஸில் நடந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி ஒருவர் பழைய நோட்டுகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்.

"அரை அடி குறைச்சு எழுதினது உண்மையா?"

"உண்மை சார்."

"அப்போ இந்த ரெண்டடியும் குறைச்சதுதானே?"

"இல்ல சார். அது நெசம்."

"எதை நம்பறது?"

மதகுக்காரருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அதிகாரி இன்ஜினீயரைப் பார்த்து, அரை அடி விஷயம் யார் சொன்னது என்று கேட்டார். உள்ளூரில் பேசிக்கொண்டார்கள் என்றார் இன்ஜினீயர். அதிகாரி என் பக்கம் திரும்பினார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். சிமெண்டு தெரியும், மண் தெரியும், சட்டம் தெரியும், மனுஷனைத் தெரியும். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, "நான் தண்ணி லாரிக்காரன் சார். எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

மதகுக்காரர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த மாதமே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். நான் போய்ப் பார்க்க இரண்டு வருஷம் ஆனது. மாடிப்படிக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், பாதி குடித்துவிட்டு மூடி வைத்தார். ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள், என் ஜேசிபியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். தலையாட்டினார். கிளம்பும்போதுதான் என்னால் கேட்க முடிந்தது.

"அண்ணா, அன்னிக்கு என் பேர சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

மூடி வைத்த டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தினார்.

"வெச்சிருக்கேன் மேஸ்திரி."

"எதுக்கு?"

"ஒரு நாள் வேணும்."

பஸ்ஸில் தாம்பரம் வந்து இறங்கும்வரை எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. அவர் மிரட்டவில்லை என்று தெரியும். மிரட்டத் தெரிந்த ஆள் இல்லை. ஆனாலும் அதன் பிறகு எந்தப் போன் வந்தாலும், யார் வாசலில் வந்து நின்றாலும், வைத்திருந்ததை அவர் எடுத்துவிட்டார், இன்றைக்குத்தான் எடுத்துவிட்டார் என்று தோன்றும். போன மார்கழியில் அவர் போய்ச் சேர்ந்தார். எடுக்கவே இல்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை; நான் கேட்டுப் பார்த்தேன்.

இப்போது சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. கரைமேல் கல்வெட்டு வைக்கிறீர்கள். 'தூர்வார இயந்திரம் தந்து உதவியவர்' என்று என் பேர் நாலாவதாக வருகிறது என்று செயலாளர் காட்டினார். நான் செய்ததில் என் பேர் இருக்கவேண்டும் என்று எப்போதும் சண்டை போடுகிறவன் நான், இதற்கும் போடுவேன். என் பேருக்குக் கீழே இன்னொரு வரி வெட்டவேண்டும்: 'வறட்சியில் மதகுக்காரர் எழுதிய இரண்டடி உண்மை. அது பொய் என்று இன்ஜினீயரிடம் சொன்னவர் இவர். விசாரணையில் தெரியாது என்றவரும் இவரே.' இரண்டு வரிக்கும் எழுத்து ஒரே அளவில் இருக்கவேண்டும். கல்லில் இடம் போதாது என்று சாக்குச் சொல்லவேண்டாம். போதாவிட்டால் ஜேசிபி வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.